மகன் வீட்டுக்குப் போக மனுப் போடு!

சென்ற வாரம் பல்லடத்தில் ஒரு தேநீர்க் கடையில் நம் தோழர் ஒருவரைக் கண்டோம். கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து கொடிக்கயிறு கட்டுவார். கடைசி ஆளாக நின்று நாற்காலி அடுக்குவார். 32 ஆண்டு பஞ்சாலையில் வேலை. ஆலை மூடிய பிறகு பத்தாண்டு அடுத்தவர் தறிப்பட்டறையில் பாவு பிணைத்தார். பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓய்வூதியம், பாடுபட்டுக் கட்டிய ஓட்டு வீடு, இரண்டு மாடு, பத்துத் தென்னை. இவ்வளவுதான் அவருடைய சொத்து. இவற்றினும் பெரிய சொத்து ஒன்று உண்டு: பொறியியல் படித்துக் கடல் கடந்து வேலைக்குப் போன மகன்.

எப்போதும் சிரித்த முகத்தோடு வரவேற்கும் அந்தத் தோழர், அன்று தேநீர் ஆறுவதையும் பாராமல் உட்கார்ந்திருந்தார். விசாரித்தோம். மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பேரனைப் பார்க்க வேண்டுமென்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, சேரன் ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து, சென்னையில் ஒரு தூதரகத்தின் வாயிலில் விடியற்காலை முதல் நின்றிருக்கிறார் மனைவியோடு. எந்த நாட்டின் தூதரகம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகன் அங்கே வேலையில் இருக்கிறானே! நாமும் எழுதவில்லை.

கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால் ஓர் அதிகாரி. எத்தனை நாள் தங்குவீர்? ஆறு மாதம். இங்கே என்ன தொழில்? ஓய்வு பெற்றவன். என்ன வருமானம்? சொன்னார். அவ்வளவுதான்! இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள். தாய்நாட்டுக்குத் திரும்பி வருவீர் என்று எங்களை நம்பச் செய்யவில்லை நீர், ஆகவே இல்லை என்பது அதன் கருத்து.

"ஏனுங்க, என் ஊட்டுக்கு நான் திரும்பி வரமாட்டேனுங்களா? மாடு ரெண்டு நிக்குது, தென்னை பத்து நிக்குது. அதை உட்டுப்போட்டு நான் எங்கீங்க போயிருவேன்?"

என்ன பதில் சொல்வது! நாலெழுத்துப் படித்து, மேடையேறி நாலு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தோழர்களே! இது அவர் ஒருவருடைய கதையா? பல்லடம், சோமனூர், மங்கலம், அவிநாசி என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தறி ஓட்டியவன் மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். கோழிப் பண்ணையில் தீவனம் சுமந்தவள் மகள் டொராண்டோவில் இருக்கிறாள். பனியன் கம்பெனியில் 'கைமடி' அடித்தவன் மகன் மெல்போர்னில் இருக்கிறான். பாட்டன் பள்ளிக்கூடத்துத் திண்ணையைக்கூட மிதிக்காத வீட்டில் பேரன் கடல் தாண்டியிருக்கிறான். பெருமைதான்! மார் தட்டிச் சொல்லும் பெருமைதான்! ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்றவன் பின்னாலே போய் ஓராண்டு தங்கி வர நினைத்தால், என்ன வழி இருக்கிறது? பணக்காரனுக்கு ஒரு வழி, பாட்டாளிக்கு ஒரு வழி என்று அங்கேயும் இரண்டு கதவு வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நாம் விளக்கப் போகிறோம்.

முதலில் அமெரிக்கா. நம்மவர் அதிகம் கேட்பது அதைத்தான். அங்கே 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு, 214(ஆ). பார்வையாளன் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனும் நிரந்தரமாகக் குடியேற வருபவன் என்றே கருதப்பட வேண்டும். அப்படியில்லை என்று மெய்ப்பிப்பது மனுதாரன் பொறுப்பு. இதுதான் அந்தப் பிரிவு சொல்வது. கொலைக் குற்றவாளிக்குக்கூட, குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை நிரபராதி என்ற சலுகை உண்டு நீதிமன்றத்தில். பேரனைப் பார்க்கப் போகிற பாட்டனுக்கு அந்தச் சலுகை இல்லை! மேல்முறையீடும் இல்லை. மறுபடியும் மனுப் போடலாம், மறுபடியும் 185 டாலர் கட்டி. ஒருவருக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய். கணவன் மனைவி இருவருக்கு என்றால் நம் தோழருடைய ஓராண்டு ஓய்வூதியத்தையும் தாண்டிவிடும். முன்பெல்லாம் 79 வயதைக் கடந்த முதியவர்களுக்கு நேர்காணலிலிருந்து விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அதையும் பொதுவாக எடுத்துவிட்டார்கள். எண்பது வயதுக் கிழவியும் இரவு ரயிலேறி வந்து சாளரத்தின் முன் நிற்க வேண்டும்.

சரி, விசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாண்டு விசா! ஊரே மெச்சுகிறது. 'பத்து வருசம் இருக்கலாமாமே!' என்று உறவினர் வியக்கிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விசா என்பது வாயிற்கதவைத் தட்டுவதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவு செய்பவர் அங்கே விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரி. வழக்கமாக 6 மாதம் கொடுப்பார். அந்தத் தேதிதான் தேதி. அதைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் 3 ஆண்டுக்கு அந்நாட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது. ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் 10 ஆண்டுக்கு முடியாது. அறுபத்தெட்டு வயதுக்காரனுக்குப் பத்தாண்டுத் தடை என்றால் என்ன பொருள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

மகன் அங்கேயே இருக்கிறானே, அவன் அழைத்துக்கொள்ளக் கூடாதா? கூடாது! வேலை விசாவில் இருப்பவனால் தாய் தந்தையை நிரந்தரமாக அழைக்க முடியாது. பச்சை அட்டை பெற்றவனாலும் முடியாது. குடிமகனாகி, 21 வயதும் நிரம்பியவனால்தான் முடியும். பச்சை அட்டை எப்போது வரும்? வேலை வழியாக ஆண்டுக்கு 1,40,000 பச்சை அட்டை. அதில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே 7, ஒரு சிறு தீவுக்கும் அதே 7! ஆகவே நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பத்தாண்டாக, பதினைந்தாண்டாக. வரிசை நகர்ந்து, அட்டை கிடைத்து, அதற்குப் பிறகு 5 ஆண்டு இருந்து, குடிமகனாகி, அப்பனை அழைக்க மனுப் போடும்போது அப்பன் இருக்க வேண்டுமே!

இனி ஆஸ்திரேலியாவைப் பார்ப்போம். அந்நாட்டு அரசே சொல்கிறது: சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு இன்று மனுப் போட்டால் 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று. அறுபதில் மனுப் போட்டவனுக்குத் தொண்ணூறில் அழைப்பு வரும். சுடுகாட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டியதுதான்! அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டாயா, சரி, பணம் கட்டு என்று இன்னொரு கதவு. ஒருவருக்கு ஏறத்தாழ 48,000 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல். பணம் கட்டினாலும் உடனே கிடைப்பதில்லை, அங்கும் வரிசை. அதற்கும் முன்னால் ஒரு சோதனை: பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது, அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகம் பேராவது ஆஸ்திரேலியாவில் குடியிருக்க வேண்டும். நம்மூர்த் தாய் நான்கு பெற்றவள். ஒருவன் மெல்போர்னில், மூவர் இங்கே. தாய்ப்பாசத்தில் கால் பங்குதான் தேறுகிறது, தேர்வில் தோல்வி! 2019-இல் தற்காலிகப் பெற்றோர் விசா ஒன்று கொண்டுவந்தார்கள், 3 ஆண்டு அல்லது 5 ஆண்டு தங்குவதற்கு. 5 ஆண்டுக்குக் கட்டணம் 10,000 டாலருக்கு மேல்.

இங்கிலாந்தின் கதையோ கண்ணீரில் சிரிப்பை வரவழைப்பது. 2012 ஜூலை 9 முதல் அங்கே ஒரு விதி. மகனோடு நிலையாக வாழ வேண்டுமானால், தந்தை தானே குளிக்கவும் உடுக்கவும் சமைக்கவும் இயலாத நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பணிவிடை, மகன் பணம் அனுப்பினாலும் தாய்நாட்டில் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். நடக்க முடிகிறதா? அப்படியானால் நீ வரத் தேவையில்லை! நடக்க முடியவில்லையா? அப்படியானால் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வா! நல்ல நீதி! மற்றவர்களுக்குப் பார்வையாளர் விசாதான். ஒரு முறைக்கு 6 மாதம்.

இவர்களிடையே கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்ட நாடு கனடா என்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 1-இல் அவர்கள் 'சூப்பர் விசா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள், பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் மட்டும். முதலில் ஒரு முறை போனால் 2 ஆண்டு தங்கலாம் என்றார்கள். 2022 ஜூலை 4 முதல் 5 ஆண்டு வரை தங்கலாம் என்றாக்கினார்கள். மகனோ மகளோ குறிப்பிட்ட அளவு வருமானம் காட்ட வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். காப்பீட்டுத் தவணை ஏழைக்கு இடிதான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இருந்தால் இன்னும் ஏறும். ஆனாலும் இங்கே கேள்வி மாறியிருப்பதைக் கவனியுங்கள். அப்பனிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதோடு நிற்காமல், பிள்ளையால் காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறான் கனடாக்காரன். நம் குடும்பம் நடக்கிற முறை அதுதானே! ஆனால் நிலையாகக் குடியமர அழைப்பது அங்கேயும் குலுக்கல் சீட்டாகத்தான் இருந்தது. 2020-இல் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டே பின்னர் வந்த ஆண்டுகளிலும் குலுக்கினார்கள்.

இவையெல்லாம் பிள்ளை இருக்கிற நாடுகள். பிள்ளை இல்லாமலே, பணத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போய் ஓய்வுக் காலத்தைக் கழிக்கவும் நாடுகள் இருக்கின்றன. தாய்லாந்தில் 50 வயது கடந்தவர் வங்கியில் 8,00,000 பாட் வைத்தால் ஓராண்டு, மறுபடி ஓராண்டு என்று தங்கலாம். மலேசியாவில் 'என் இரண்டாம் இல்லம்' என்று 2002 முதல் ஒரு திட்டம்; 2024-இல் அதை வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை போலப் பிரித்தார்கள். வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதோடு அங்கே வீடும் வாங்க வேண்டும். ஐக்கிய அரபு நாட்டில் 55 வயதானவர்க்கு 5 ஆண்டு ஓய்வு விசா. பத்து இலட்சம் திர்ஹாம் சேமிப்போ சொத்தோ வேண்டும், இல்லையென்றால் மாதந்தோறும் கொழுத்த வருமானம் காட்ட வேண்டும்.

மலேசியா! அந்தக் காட்டை வெட்டி, ரப்பர் நட்டு, பால் வடித்து, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன தமிழர்கள். இன்று அவர்களுடைய இனத்தான் அங்கே முதுமையைக் கழிக்க நினைத்தால் வெள்ளியா, தங்கமா என்று கேட்கிறார்கள். இலங்கையில் என்ன நடந்தது? 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 தமிழர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதினார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே நரைத்தவர்கள், அறியாத ஊருக்கு மூட்டை கட்டினார்கள். நம் நீலகிரியில் டான்டீ தோட்டம் 1968-இல் அவர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது. தாளுக்கு இருக்கும் வலிமை தமிழனுக்குப் புதிதன்று. முன்பு போகச் சொன்னது தாள். இப்போது வராதே என்கிறது தாள்.

எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்கிறது. 'ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கதவைப் பூட்டிக்கொள்ள உரிமை இல்லையா? வந்தவர்களெல்லாம் தங்கிவிட்டால் அவன் மருத்துவமனை என்னாவது?' என்று. நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள்: இளமையும் படிப்பும் உள்ள மகனை, அவன் படிப்புக்கு ஒரு காசும் செலவிடாமல், முழுதாக வாங்கிக்கொள்கிறான். அவனிடம் வரி வாங்குகிறான். அந்த மகனை உருவாக்கியவன் யார்? தறிச்சத்தத்தில் காது மந்தமானவன், தாலியை அடகு வைத்தவள், சத்துணவு போட்ட அரசு, கட்டணச் சலுகை கொடுத்த தமிழ்நாடு. விளைச்சலை எடுத்துக்கொள்பவன் விதைத்தவனுக்குத் திண்ணையில் கொஞ்சம் இடம் தரக் கூடாதா?

இன்னொன்றையும் பேசியாக வேண்டும், நம்மவர்க்குக் கசக்கும். பெற்றோரை எதற்காக அழைக்கிறார்கள் பிள்ளைகள்? பாசத்தால், ஐயமில்லை. ஆனால் பேறுகாலத்துக்கு ஆள் வேண்டும், குழந்தையைத் தூக்க ஆள் வேண்டும், அங்கே ஆயாவுக்குக் கூலி கொடுத்து மாளாது என்பதும் உண்மை. ஆகவே 6 மாதம் பெண் வீட்டுத் தாய், அடுத்த 6 மாதம் மாப்பிள்ளை வீட்டுத் தாய் என்று முறை வைத்து அழைக்கிறார்கள். தறியில் ஓடும் நாடாவைப் போல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிறார்கள் நம் தாய்மார்கள். அப்பன் இங்கே மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டு, தானே அரிசி பொங்கித் தின்கிறார். அம்மா அங்கே பனியில் கதவடைத்த வீட்டுக்குள். கார் ஓட்டத் தெரியாது, மொழி தெரியாது, பக்கத்து வீட்டாரிடம் பேச முடியாது. நாற்பது ஆண்டு குடித்தனம் நடத்திய கணவன் மனைவி, முதுமையில்தான் முதன்முறையாகப் பிரிந்து வாழ்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்குப் போராடிய தொழிலாளர் நாம். நம் வீட்டுத் தாய் கடலுக்கப்பால் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டோமா?

ஆனால் ஒன்று. அந்த அமுச்சி போனதால்தான் அங்கே பிறந்த குழந்தை 'நிலா' என்கிறது, 'சோறு' என்கிறது, 'அப்பாரு' என்கிறது. ஆறு மாதத்தில் கற்ற தமிழை, அவள் திரும்பிய ஆறு மாதத்தில் மறக்கிறது. மொழிக்காகச் சிறை சென்ற நாம் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? மாநாடு போட்டு வளர்க்கும் தமிழைவிட, மடியில் போட்டு வளர்க்கும் தமிழ் இளைத்ததல்லவே!

போக நினைக்கிற தோழர்களுக்குச் சில செய்திகளைச் சொல்கிறோம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'விசா நிச்சயம், பணம் மட்டும் கட்டுங்கள்' என்று எவன் சொன்னாலும் அவன் பொய்யன். நிச்சயம் தரக்கூடியவன் அந்தச் சாளரத்துக்குப் பின்னால் இருப்பவன் ஒருவன்தான். இல்லாத நிலத்தை இருப்பதாகக் காட்டும் தாளை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இன்று மறுக்கப்படுவதோடு நில்லாது, என்றைக்குமாக அடைபடும். மகனே சொன்னாலும் தங்கும் தேதியைத் தாண்டாதீர்கள். காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குப் பார்வையாளர் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது, ஆகவே அந்தத் தாளை மகனை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கான மருந்தை, மருத்துவர் சீட்டோடு, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மகன் குடிமகனாகிப் பச்சை அட்டை எடுத்துத் தருகிறேன் என்றால், உடனே தலையாட்டாதீர்கள். பச்சை அட்டை வாங்கியவன் அங்கேதான் வாழ வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஊரில் இருந்துவிட்டால் அட்டை போயிற்று என்று கொள்ளலாம். ஆறு மாதம் தாண்டினாலே கேள்வி வரும். முதியோர் மருத்துவத் திட்டமான 'மெடிகேர்' உடனே கிடைக்காது. 65 வயதும் ஆகி, 5 ஆண்டு அங்கே தொடர்ந்து வாழ்ந்தபின்தான் பணம் கட்டிச் சேரலாம். மனம் பல்லடத்தில் இருப்பவனுக்குப் பார்வையாளர் விசாவே நல்லது என்பது நம் கருத்து. வெயில் காலத்தில் போய், குளிர் வருமுன் திரும்பி, தைப்பொங்கலுக்கு ஊரில் இருக்கலாம்.

பிராவிடண்ட் பண்டு ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். போகுமுன் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லையேல் நீங்கள் அமெரிக்காவில் நலமாயிருக்க, இங்கே ஓய்வூதியம் நின்றுபோகும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்த ஓய்வூதியந்தானே அது, நின்றால் என்ன என்கிறீர்களா? அந்த ஆயிரமும் கேட்டு வாங்கியது! வாக்காளர் பட்டியலையும் மறக்காதீர்கள். 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடுவீடாகப் படிவம் கொடுத்தார்கள். மகன் வீட்டுக்குப் போனவரை ஊரைவிட்டே போனவராக எண்ணிப் பெயரை எடுத்துவிட்டால்? வீட்டில் இருப்பவர் கையெழுத்திட்டுக் கொடுக்க வழி இருந்தது. அது தெரியாதவர் எத்தனை பேர்! திருத்தம் எப்போது வந்தாலும், பூத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு அந்தத் தெருவில் யார் யார் கடல் கடந்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அரசுகளிடம் கேட்க வேண்டியது என்ன? 2022 டிசம்பர் 29-இல் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. திருப்பூர்ப் பனியன் சுங்க வரியின்றி ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் இறங்குகிறது. வரவேற்றோம். நம் இளைஞர்கள் ஆண்டுக்கு 1,000 பேர் அங்கே போய் வேலை பார்த்துக்கொண்டே சுற்றி வரலாம் என்றும் ஏற்பாடு. அதையும் வரவேற்கிறோம். பனியனுக்குப் பேசிய டெல்லி, பனியன் தைத்தவனுக்காக ஒரு வார்த்தை பேசியதா? துணி போகிறது தடையின்றி. தைத்தவன் நிற்கிறான் முப்பது ஆண்டு வரிசையில்! 2025 ஜூலை 24-இல் இங்கிலாந்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே தற்காலிகமாக வேலைக்குப் போகிறவர்கள் 3 ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டியதில்லை என்று வாதாடி வாங்கினார்கள். கெட்டிக்காரத்தனந்தான். பெற்றோர் விதியோ 2012-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அமெரிக்க முதியவர் இந்தியாவைப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்தபடியே மின்னணு விசா வாங்கி, ஒரு முறைக்கு 180 நாள் வரை தங்குகிறார். சாளரமும் இல்லை, சந்தேகமும் இல்லை. கொடுக்கிற கை, கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கனடா வைத்திருக்கும் பெற்றோர் விசாவைப் போல ஒன்றை மற்ற நாடுகளிடமும் கேட்டு வாங்குவது டெல்லியின் வேலை.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்க்கென்று தனித் துறை இருக்கிறது. ஜனவரி 12-இல் ஆண்டுதோறும் விழாவும் நடக்கிறது. அந்தத் துறை, போன பிள்ளைகளைப் போலவே போக முடியாத பெற்றோர்க்கும் கதவு திறக்க வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் ஒரு மேசை, விவரம் தெரிந்த இரண்டு அலுவலர், தமிழில் அச்சடித்த ஒரு கையேடு. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். மனுப் படிவத்தை நிரப்ப ஆயிரக்கணக்கில் பறிக்கும் தரகனிடமிருந்து நம் மக்கள் தப்புவார்கள்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? ஒவ்வொரு கிளையிலும் ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருப்பார். வாரத்துக்கு ஒரு மாலை, படிப்பகத்தில் உட்காரட்டும். மனு நிராகரிக்கப்பட்ட முதியவர்கள் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர், எந்த நாட்டுக்கு, எத்தனை முறை, எவ்வளவு பணம் போயிற்று என்று கணக்கெடுத்து, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நமக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

நம் தோழர் அடுத்த மாதம் மறுபடியும் மனுப் போடுகிறார். இந்த முறை வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், மகனுடைய அழைப்புக் கடிதம், பால் சங்கத்து அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருக்கிறார். மாட்டைப் பக்கத்து வீட்டுத் தோழர் பார்த்துக்கொள்கிறார். ரயிலுக்கு நாமும் போய் அனுப்பி வைக்கிறோம்.